சிறைக்குச் செல்லும் கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மொழிபெயர்ப்புப் பணியின் பொருட்டு நான் கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பழைய வணிக வீதி அது. கிடங்குகளின் முற்றத்தில் பெண்கள் தரையில் அமர்ந்து சுக்கைப் புடைத்துத் தரம் பிரித்துக் கொண்டிருப்பார்கள். அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு.

ஒரு நாள் மாலை, அவ்வாறு வேலை செய்யும் ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த இன்லேண்டு லெட்டர் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார்.

“சாமி, ஒரு லெட்டர் எழுதித் தரணும். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.”

“யாருக்கு அம்மா?” என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மகனுக்கு. விய்யூர் ஜெயில்ல இருக்கான்” என்றார்.

அக்கம்பக்கத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களிடம் கேட்டால் விஷயம் தெருவெல்லாம் பரவிவிடும் என்ற அச்சம். கணவரோ மகனின் பெயரைக்கூட வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். திருச்சூருக்கு அருகிலுள்ள விய்யூருக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். இரண்டு முறைதான் சென்று பார்த்திருக்கிறார்.

“என்ன எழுத வேண்டும்?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: மூன்று வேளையும் சாப்பிடுகிறானா, முதுகுவலி எப்படி இருக்கிறது, போர்வை தருகிறார்களா. அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. சிறையில் இருக்கும் ஓர் இளைஞனுக்கு நல்லதை எடுத்துச் சொல்ல இது ஒரு வாய்ப்பு அல்லவா என்று நினைத்தேன். அத்தாயின் சொற்களை, “உன் உடல்நலம் குறித்து நாங்கள் மிகுந்த கவலை கொண்டுள்ளோம்” என்று திருத்தினேன். வினைப்பயன், பச்சாத்தாபம், மன அடக்கம் ஆகியவற்றைப் பற்றி எஞ்சிய இடம் முழுவதையும் நிரப்பினேன். நன்றாக எழுதிவிட்டோம் என்ற நிறைவும் எனக்கு இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அம்மையார் அதைக் கொண்டு வந்து படிக்கச் சொன்னார். அதில் இருந்தவை சில வரிகளே. கடிதம் கிடைத்தது, எழுதியவருக்கு வணக்கம் சொல்லவும், அம்மா ஏதாவது சொன்னாளா?

அந்தக் கடைசி வினாவைப் படித்தபோது எனக்கு உண்டான வெட்கம் இன்றும் நினைவில் இருக்கிறது. மூலத்தை அழித்துவிட்டு என் கருத்தை அவ்விடத்தில் வைப்பது மொழிபெயர்ப்பாளனுக்குப் பெரும் பிழை என்பதை நான் அறிவேன். அதே பிழையை ஒரு தாயின் கடிதத்தில் செய்திருந்தேன். மகன் தேடியது தாயின் குரலை. அவன் கைக்குப் போனது என் பிரசங்கம்.

சிறையில் இருப்பவருக்கு எழுதும் கடிதம் என்ன செய்ய வேண்டும்? எதைச் செய்யக் கூடாது? அந்த நிகழ்ச்சியிலிருந்து எழுந்த இவ்வினாவையே இக்கட்டுரையில் சிந்திக்கிறோம்.

யார் அங்கே இருக்கிறார்கள்?

சிறை என்றதும் நம் மனத்தில் ‘குற்றவாளி’ என்ற ஒரே சொல்தான் எழுகிறது. உண்மை நிலை வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கு பேரில் மூவர் மீதான வழக்கு இன்னும் முடிவடையவில்லை. அவர்கள் குற்றம் செய்தவர்களா இல்லையா என்பதை நீதிமன்றம் அன்றைய நாள்வரை சொல்லவில்லை.

மட்டாஞ்சேரியில் உள்ளது போன்ற கிளைச்சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இத்தகையவர்களே. அவர்களுக்கு நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. ஜாமீன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வேறு சிறைக்கு மாற்றப்படலாம். தண்டனை பெற்றவருக்கு விடுதலை நாள் ஏறக்குறையத் தெரியும். விசாரணைக் கைதிக்கு அதுவும் இல்லை. காத்திருப்பதுதான் அவரது முழுநேர வேலை.

இந்நிலையில் வெளியிலிருந்து வரும் ஒரு கடிதத்திற்கு உள்ள இடத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கம்பிக்கு அப்பால் பலர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலில் பாதிச் சொற்கள் காதில் விழாது. தொலைபேசியில் பேசியது பேசி முடித்தவுடன் மறைந்துவிடும். கடிதம் மட்டும் கையில் தங்குகிறது. இரவில் உறக்கம் வராதபோது எடுத்துப் படிக்கலாம். பத்தாவது முறையும் படிக்கலாம். எண்ணாக அழைக்கப்படும் ஒருவர், தமது பெயர் ஓர் உறையின்மேல் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறார். தம்மை ஒரு மகனாக, தந்தையாக, நண்பராக எண்ணிப் பார்ப்பவர் வெளியே ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று.

மதிலைக் கடந்து சென்றவை

நம் நாட்டின் ஆன்மிக, இலக்கிய வரலாற்றில் சிறைக்கும் கடிதத்துக்கும் உள்ள தொடர்பு ஆழமானது. சிலவற்றை மட்டும் நினைவுகூர்வோம்.

1908 ஆம் ஆண்டு மே மாதம் ஸ்ரீ அரவிந்தர் கைது செய்யப்பட்டு, கல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறையில் தனி அறையில் அடைக்கப்பட்டார். ஏறத்தாழ ஒன்பது அடி நீளமும் ஐந்தாறு அடி அகலமும் கொண்ட அறை அது. தொடக்க நாட்களில் அவருடைய மனம் பெரிதும் தவித்ததை அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். வீட்டுக்கு எழுத அனுமதி கிடைத்ததும் அவர் உறவினரிடம் கேட்டவை உடைகளும் சில நூல்களும். அந்நூல்களில் கீதையும் உபநிடதங்களும் இருந்தன. சில நாட்களில் அவை வந்து சேர்ந்தன. ஓராண்டு கழித்து விடுதலையாகி, உத்தரபாராவில் அவர் ஆற்றிய உரையில் அச்சிறைவாசத்தைத் தம் சாதனையின் திருப்புமுனையாகக் கூறினார். அவ்வளவு பெரிய அகமாற்றத்தில் அந்தச் சிறிய பார்சலுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அனுப்பியவர்கள் அவரது மாற்றத்தை எதிர்பார்த்து அனுப்பவில்லை. கேட்டதைக் கேட்டபடி, காலம் தாழ்த்தாமல் அனுப்பினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

அதே 1908 ஆம் ஆண்டில் நம் வ. உ. சிதம்பரம் பிள்ளை தண்டனை பெற்றார். கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர் கேரளத்தின் கண்ணூர்ச் சிறையிலுமாக 1912 வரை இருந்தார். செக்கிழுக்க வைக்கப்பட்ட அம்மனிதர், ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் சிறு நூல் ஒன்றைச் சிறைவாழ்வின்போதே ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். எங்கோ தொலைவில் ஒருவர் தனிமையில் எழுதிய எண்ணங்கள், சிறைக்குள் இருந்த ஒருவரின் உள்ளத்தில் புகுந்து, தமிழாகி மதிலுக்கு வெளியே வந்தன. சிறைக்குள் செல்லும் எழுத்து அங்கேயே முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

1930 இல் எரவாடாச் சிறையில் இருந்த காந்தியடிகள், சபர்மதி ஆசிரமவாசிகளுக்கு விரதங்களைப் பற்றிச் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு கடிதம் எழுதினார் என்பதை நாம் அறிவோம். நாம் அதிகம் கவனிக்காத ஒன்று, ஆசிரமத்திலிருந்து அவருக்குச் சென்ற கடிதங்கள். பெரியவர்களோடு குழந்தைகளும் எழுதினார்கள். அவர்களது சிறு சிறு கேள்விகளுக்கும் அவர் பொறுமையாக விடை எழுதினார். உள்ளே சென்ற கடிதங்கள் இருந்ததனால்தான் வெளியே வந்த கடிதங்களில் அத்தனை உயிர் இருந்தது.

அதே ஆண்டில் நைனிச் சிறையில் ஜவஹர்லால் நேரு தம் மகளுக்கு உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதத் தொடங்கினார். எழுதியவை யாவற்றையும் அப்போதே அனுப்ப அவருக்கு வழியில்லை. பல கடிதங்கள் அவரிடமே தங்கின. ஆயினும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. ‘என் சொற்களை எதிர்நோக்கும் ஒருவர் வெளியே இருக்கிறார்’ என்ற நினைவு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் தாங்கி நிற்கும் என்பதை அந்த 196 கடிதங்களும் காட்டுகின்றன.

இவர்கள் பெரியோர், அநீதியான ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர்கள். திருட்டுக்காகவோ அடிதடிக்காகவோ சிறையில் இருக்கும் ஒருவரை இவர்களோடு ஒப்பிடலாமா என்ற ஐயம் எழலாம். செயலால் ஒப்பில்லை என்பது உண்மையே. ஆனால் தனிமை, காத்திருப்பு, ஏக்கம் ஆகியவை குற்றப்பத்திரிகையைப் பார்த்து வருவதில்லை. அலிப்பூரில் ஒரு யோகியையே முதல் நாட்களில் தடுமாறச் செய்த அத்தனிமை, எந்தப் பயிற்சியும் இல்லாத எளிய மனிதனை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏரிக்கு அக்கரையில் ஒரு நீதியரசர்

மட்டாஞ்சேரிப் படகுத் துறையிலிருந்து காயலைக் கடந்தால் எர்ணாகுளம். அங்கு மகாத்மா காந்தி சாலையில் ‘சத்கமய’ என்று பெயர் சூட்டிய இல்லத்தில், 2014 டிசம்பரில் மறையும் வரை வாழ்ந்தவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வழக்கறிஞராக இருந்தபோது, 1948 இல், தாமே ஏறத்தாழ ஒரு மாத காலம் சிறையில் இருந்தவர். 1957 இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையையும் கவனித்தவர். பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

அவர் முன் வந்த வழக்குகளில் ஒன்று, ஒரு கடிதத்தால் தொடங்கியது. தில்லி திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா என்ற கைதி, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தமக்காக அவர் எழுதவில்லை. அதே சிறையில் மற்றொரு கைதியைக் காவலர் ஒருவர் பணத்துக்காகக் கொடுமைப்படுத்தினார் என்று தெரிவிக்கவே எழுதினார். முத்திரைத் தாளும் வழக்கறிஞரும் இல்லாத அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று நீதிமன்றம் விசாரித்தது. 1979 டிசம்பர் 20 அன்று வழங்கிய தீர்ப்பில், கைதிகள் தம் குறைகளை எழுதிப் போடச் சிறைகளில் குறைதீர்ப்புப் பெட்டிகள் வைக்க வேண்டும் என்பன போன்ற ஆணைகள் இடம்பெற்றன. உறவினரும் நண்பரும் வந்து காண்பது தனிமைப்பட்டவர்க்கு ஓர் ஆறுதல். சோதனைக்கும் ஒழுங்குக்கும் உட்பட்டு, அத்தகைய மனிதத் தொடர்பை மறுக்கலாகாது என்ற கருத்தை அத்தீர்ப்பில் கிருஷ்ண ஐயர் அழுத்தமாகப் பதிவு செய்தார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறைத் தண்டனை என்பது வெளியே நடமாடும் உரிமையை எடுத்துக்கொள்கிறது. ஒருவர் மகனாக, மனைவியாக, நண்பராக இருப்பதை அது எடுத்துக்கொள்வதில்லை. அந்த உறவுகளை அறுப்பது பெரும்பாலும் நீதிமன்றம் அல்ல. வெளியே இருக்கும் நாம்தான். எழுதாமல் விட்டு விடுவதன் மூலம் அறுத்துவிடுகிறோம்.

இன்று இத்தொடர்பு உலகளாவிய நெறியாகவும் ஏற்கப்பட்டுள்ளது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில், தொடக்கக் காலத்தில் நெல்சன் மண்டேலாவுக்கு ஆறு மாதங்களுக்கு ஒரு கடிதம் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அதுவும் 500 சொற்களுக்குள். வந்த கடிதங்களிலும் தணிக்கையாளர்கள் பகுதிகளை வெட்டி எடுத்துவிடுவார்கள். 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற சிறைவாசிகள் நெறிமுறைகள் அவருடைய பெயரையே தாங்கியுள்ளன. குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் கடிதத் தொடர்பு கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு, கைதி வெளியே அனுப்பும் கடிதங்களின் எண்ணிக்கையை மாநில விதிகளுக்கு விட்டுவிடுகிறது. அவருக்கு வரும் கடிதங்களுக்கோ எண்ணிக்கை வரம்பு வேண்டாம் என்கிறது. வாயில் திறந்தே இருக்கிறது. அதன் வழியே செல்லும் கடிதங்கள்தான் குறைவு.

கடிதத்திற்கு நான்கு அளவுகோல்கள்

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் வாக்கினால் செய்யும் தவத்தைப் பற்றிக் கூறுகிறார். பிறரைக் கலங்கச் செய்யாமை, உண்மை, இனிமை, நன்மை என்னும் நான்கு இலக்கணங்களை அங்கு காண்கிறோம். சிறைக்கு எழுதும் கடிதத்துக்கு இவற்றைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கலங்கச் செய்யாமை. வெளியே இருப்பவருக்கு ஒரு கவலை வந்தால் எழுந்து ஓடலாம், யாரையாவது பார்க்கலாம், ஏதாவது செய்யலாம். உள்ளே இருப்பவர் அக்கவலையோடு நான்கு சுவர்களுக்குள் இருக்க வேண்டும். ஆகவே கடன்காரன் வந்தான், அண்டை வீட்டார் ஏசினார்கள் என்பன போன்று அவரால் எதுவும் செய்ய இயலாத செய்திகளைக் கொட்டுவது கொடுமை. அதற்காக எல்லாவற்றையும் மறைக்கவும் கூடாது. மரணம், கடும் நோய் போன்றவற்றை வீட்டார்தான் சொல்ல வேண்டும். மண்டேலா தம் தாயின் மறைவைச் சிறையில் ஒரு தந்தி மூலம் அறிந்தார். அடுத்த ஆண்டே தம் மூத்த மகனின் மறைவையும் அவ்வாறே அறிந்தார். இரண்டு இறுதிச் சடங்குகளுக்கும் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அத்தகைய செய்தியை இயன்றால் நேரில் சென்று சொல்ல வேண்டும். இயலாதபோது, உடன் அமர்ந்து பேசுவது போன்ற விரிவான கடிதம் தேவை. இரண்டு வரித் தகவல் போதாது.

இரண்டாவது, உண்மை. ‘அடுத்த வாரம் ஜாமீன் கிடைத்துவிடும்’, ‘மாதாமாதம் வந்து பார்ப்பேன்’ என்றெல்லாம் அன்பின் மிகுதியால் எழுதிவிடுகிறோம். உள்ளே இருப்பவர் அந்த வாரத்தை, அந்த மாதத்தை நாள் நாளாக எண்ணுவார். நிறைவேறாத வாக்குறுதி அங்கு பல மடங்கு பாரமாகும். மாதம் ஒரு கடிதம்தான் முடியும் என்றால் அவ்வாறே எழுதி, அதைத் தவறாமல் செய்வது மேல். உண்மையில் இன்னொரு பக்கமும் உண்டு. சிறைக்குச் செல்லும் கடிதத்தை அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள். ஆகவே வழக்கின் நுணுக்கங்கள், சாட்சிகளைப் பற்றிய பேச்சு ஆகியவற்றைக் கடிதத்தில் எழுதக் கூடாது. அவை வழக்கறிஞர் மூலமே செல்ல வேண்டும். மூன்றாமவர் ஒருவர் படிப்பார் என்று அறிந்தே எழுதுவது ஒரு வகையில் நல்ல பயிற்சி. யார் படித்தாலும் வெட்கப்பட வேண்டாத சொற்களை மட்டுமே எழுதப் பழகுகிறோம்.

மூன்றாவது, இனிமை. இனிமை என்பது புகழ்ச்சியோ கொஞ்சு மொழியோ அல்ல. வீட்டின் வாசத்தைக் கொண்டு செல்வதுதான் இனிமை. கோலம் போட்ட இடத்தில் பூனை படுத்திருந்தது, இந்த ஆண்டு பலா காய்க்கவில்லை, தங்கை மகளுக்குப் பல் முளைத்தது என்பன போன்ற சிறு செய்திகள் நமக்கு அற்பமாகத் தோன்றலாம். நாள்தோறும் ஒரே மதிலைப் பார்க்கும் கண்களுக்கு அவை காட்சிகள். நான் எழுதிய முதல் கடிதத்தில் இல்லாமற்போனது இதுவே.

நான்காவது, நன்மை. கடிதம் ஏதேனும் ஒரு பயனை உடன் கொண்டு செல்வது நல்லது. சட்ட உதவி ஓர் எடுத்துக்காட்டு. 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ள எவருக்கும் இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தை வீட்டாரும் அணுகலாம். கைதியும் சிறை வழியாகவே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479 ஆம் பிரிவின்படி, ஒரு குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியைக் காவலிலேயே கழித்துவிட்ட விசாரணைக் கைதியை ஜாமீனில் விடுவிக்க வழி உண்டு. முன்னர் தண்டனை பெறாத, முதல் முறைக் குற்றச்சாட்டுக்கு உள்ளானவருக்கு மூன்றில் ஒரு பங்கு காலமே போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இத்தகைய செய்தியைத் தெளிவாக எழுதி, ‘வழக்கறிஞரிடம் கேள்’ என்று ஒரு வரி சேர்ப்பது, பத்துப் பக்க ஆறுதலைவிட மேலான உதவியாகலாம்.

செய்முறையிலும் கவனம் தேவை. உறையின்மேல் கைதியின் முழுப்பெயர், தந்தையின் பெயர், எண் தெரிந்தால் எண், சிறையின் பெயர், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். விசாரணைக் கைதி வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், அனுப்புவதற்கு முன் ஒரு முறை விசாரித்துக் கொள்வது நலம். அனுப்புநர் முகவரியை மறக்கக் கூடாது. ரூபாய் நோட்டு எதையும் உறைக்குள் வைக்கக் கூடாது. பணம், நூல், உடை ஆகியவற்றைச் சிறை நிர்வாகத்திடம் கேட்டறிந்து, அவர்கள் சொல்லும் வழியிலேயே அனுப்ப வேண்டும். சிறை ஊழியர்களுக்குத் தெரியாத மொழியில் எழுதினால் கடிதம் தாமதமாகலாம். அதற்கேற்பப் பொறுமை வேண்டும்.

ஒரு தந்தையின் கேள்வி

இரண்டாம் கடிதம் எழுதும் நாளில் அம்மையாரோடு அவருடைய கணவரும் வந்தார். திண்ணைக்கு வெளியே நின்றுகொண்டு, “சாமி, அவனால ஒரு குடும்பம் அழுதுகிட்டு இருக்கு. நாங்க எந்த முகத்தோட அவனை நலம் விசாரிக்கிறது?” என்று கேட்டார்.

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. கருணையைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி மறந்துவிடும் மனிதர்களை, பாதிக்கப்பட்டவர்களை, அந்தத் தந்தை மறக்கவில்லை. அவருடைய கோபத்தில் தர்மம் இருந்தது.

நான் சொன்ன விடை இதுதான். “ஐயா, நலம் கேட்பது வேறு, செய்ததை நியாயப்படுத்துவது வேறு. ‘நீ செய்தது தவறில்லை’ என்றோ, ‘அவர்கள்தாம் உன்னைச் சிக்க வைத்தார்கள்’ என்றோ எழுதினால், அழுகின்ற அந்தக் குடும்பத்துக்கு நாமும் தீங்கு செய்தவர்கள் ஆவோம். அப்படி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். ஆனால் யாருமே தன்னை எதிர்பார்க்கவில்லை என்று ஒருவன் நினைத்துவிட்டால், பிறகு யார் முன்னால் அவன் வெட்கப்படுவான்? யாருக்காகத் திருந்துவான்?”

அவர் விடை சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இதைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். வருத்தம் வேறு, பச்சாத்தாபம் வேறு. பிடிபட்டுவிட்டோமே என்பது வருத்தம். அது தனிமையிலும் வளரும், கசப்பாகவும் மாறும். பச்சாத்தாபமோ உறவில் பிறப்பது. என்னை நல்லவன் என்று நம்பியவர்களின் முகம் நினைவில் இருந்தால்தான், நான் செய்தது அந்த முகத்துக்கு எதிரில் வந்து நிற்கும். அந்த முகத்தை அழியாமல் வைத்திருப்பதே கடிதத்தின் வேலை. அறிவுரை அந்த வேலையைச் செய்வதில்லை. அறிவுரையைச் சிறைக்குள்ளும் பலர் சொல்வார்கள். தாயின் குரலைத் தாய் மட்டுமே அனுப்ப முடியும்.

ஒருவரை அவர் செய்த செயலோடு முற்றும் ஒன்றாக்கி, அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை என்று முடிவு கட்டுவதை வேதாந்தம் ஏற்பதில்லை. இக்கருத்தை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். ஓர் உறையின்மேல் கைதி ஒருவரின் பெயரை நம் கையால் எழுதும்போதுதான், அதை உண்மையில் நம்புகிறோமா என்பது நமக்கே தெரிய வரும்.

அம்மா சொன்னது

இரண்டாம் கடிதத்தில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அம்மையார் சொல்லச் சொல்ல எழுதினேன். மழைக்கு ஓடு ஒழுகுகிறது, போன வருஷம் ஒழுகிய அதே இடம்தான். அக்கா மகன் நடக்கத் தொடங்கிவிட்டான். முதுகுக்கு எண்ணெய் கேட்டுப் பார். உன் சைக்கிள் இங்கேதான் இருக்கிறது, யாருக்கும் கொடுக்கவில்லை, துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம்.

“யார் எண்ணெய் போடுகிறார்கள்?” என்று சும்மா கேட்டேன்.

அம்மையார் தலையைத் தாழ்த்திக்கொண்டு, “அவன் அப்பாதான். எழுத வேண்டாம்னு சொல்லியிருக்காரு” என்றார். நான் எழுதவில்லை.

இம்முறை பதில் விரைவில் வந்தது. உள்நாட்டுக் கடிதத்தின் மடிப்புகள்வரை எழுத்து நிறைந்திருந்தது. முதுகுவலி தேவலை. தோட்ட வேலைக்குப் போகிறான். ஓடு ஒழுகும் இடத்தை எப்படி அடைப்பது என்று நான்கு வரி. இறுதியில், அந்தக் குடும்பத்தாரைப் பற்றித் தினமும் நினைப்பதாக ஒரு வரி. அறிவுரை நிறைந்த என் முதல் கடிதம் கேட்டும் வராத வரி அது.

நான் மட்டாஞ்சேரியை விட்டுப் புறப்படுவதற்கு முன் ஐந்து கடிதங்கள் எழுதியிருப்பேன். கடைசிக் கடிதம் எழுதிய மாலையில் தந்தையும் வந்தார். வழக்கம்போல் வெளியே நின்றார். அம்மையார் சொல்லி முடித்து, நான் மடிக்கப் போகும் நேரத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சைக்கிளுக்கு நான்தான் எண்ணெய் போடறேன்னு எழுதிக்கோங்க சாமி” என்றார்.

எழுதினேன்.

அன்பர்களே, நம்மில் ஒவ்வொருவருக்கும் உறவிலோ, பழைய நட்பிலோ, நம் தெருவிலோ அத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி எத்தனை காலம் ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியும். பெரிய தொண்டு எதுவும் வேண்டாம். ஒரு தாள், ஒரு முகவரி, அரைமணி நேரம். அதிலிருந்து தொடங்குவோமாக.

சிந்தனைக்கு

1. நமக்குத் தெரிந்த ஒருவர் சிறையில் இருக்கிறார் என்றால், அவரைப் பற்றி நாம் கடைசியாக யாரிடம், எந்தத் தொனியில் பேசினோம்?

2. கலங்கச் செய்யாமை, உண்மை, இனிமை, நன்மை என்ற நான்கில், நாம் எழுதும் கடிதங்களிலும் பேச்சிலும் அடிக்கடி விடுபடுவது எது?

3. துன்பத்தில் இருப்பவரிடம் அறிவுரை சொல்லத் தோன்றும்போது, அது யாருடைய தேவையை நிறைவேற்றுகிறது? அவருடைய தேவையையா, நம்முடையதையா?

4. தவறு செய்தவரிடம் அன்பும், பாதிக்கப்பட்டவரிடம் நீதியும் ஒருசேர இருக்க முடியுமா? ஒரு கடிதத்தில் அதை எவ்வாறு காட்டலாம்?

5. பயிற்சி: இந்த மாதத்தில், தொடர்பு அறுந்துபோன ஒருவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அறிவுரை ஒன்றுகூட இல்லாமல், உங்கள் வீட்டில் இன்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.